ஜின்கோ பொடி குறைந்துகொண்டே வந்தது

ஈரோட்டில் என் அக்கா என்னைப் பார்த்து, "வாங்க அம்மணி, உக்காருங்க. நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னை 'ஏ புள்ள' என்று மட்டுமே கூப்பிட்டவள், சடை பின்னும்போது தலையில் குட்டியவள், வீட்டுக்கு விருந்தாட வந்த முன்பின் தெரியாத ஒறம்பரையிடம் பேசுவதுபோல் சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுப் பேசினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. காபி கொண்டுவந்த அவள் மருமகள், "இப்பெல்லாம் அத்தை இப்படித்தானுங்க, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். எதை வைத்துக்கொள்ளாமல் இருப்பது?

எங்கள் அம்மாவும் கடைசியில் இப்படித்தான் ஆனாள். அப்போது அதற்கு 'வயசாயிருச்சு' என்று பெயர். இப்போது டாக்டர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வந்தது, அக்காவுக்கு வந்தது, அடுத்தது யார் என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டுமா? பஸ்ஸில் திரும்பி வரும்போது தெரிந்தவர்களின் பெயர்களை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரியப்பா பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள், மகள் வீட்டுச் சம்பந்திகள் என்று வரிசையாக வந்தன. பஸ் பெருந்துறை வந்தபோது எங்கள் சின்ன அத்தையின் வீட்டுக்காரர் பெயரில் வந்து நின்றுவிட்டது. அவர் மீசை கண்ணுக்குத் தெரிகிறது, அவர் சைக்கிள் தெரிகிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அவிநாசி தாண்டித்தான் வந்தது. அதற்குள் எனக்குக் கையெல்லாம் வேர்த்துப் புடவைத் தலைப்பு நனைந்துபோனது.

கருமத்தம்பட்டியில் தறிக்குடோன்களுக்கும் பக்கத்து ஆபீஸ்களுக்கும் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது என் தொழில். அளவெல்லாம் கையில் இருக்கும், எதையும் பார்த்துப் போடுகிறவள் கிடையாது. அக்காவைப் பார்த்துவிட்டு வந்த வாரம் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இன்னொரு நாள் கறிவேப்பிலையைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் ஐஸ் உறைகிற தட்டில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். முன்பானால் 'போச்சாது உடு', போனால் போகிறது என்று சிரித்திருப்பேன். இப்போது ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் படுக்கையிலிருந்து எழுந்து போவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் என்னோடு நடக்க வருகிற ஒரு அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். மறுநாளே அவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பச்சை உறையில் விசிறி மாதிரி ஓர் இலைப் படம் போட்டிருந்தது.

"இது ஜின்கோங்க அம்மணி. சீனாவுல இருக்கற மரமாமுங்க. பல நூறு வருசம் உசுரோட நிக்குமாமுங்க. அந்த இலையக் காயவெச்சுப் பொடி பண்ணிருக்காங்க. என்ற மருமகன் கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்டு வரவெச்சுக் குடுக்கறாரு. நானும் சாப்புடறேன், எனக்கு மொத மாதிரி மறதி இல்லீங்க."

"ஒத்துக்குமாங்க அக்கா?"

"அட, இலைதானுங்க அம்மணி! முருங்கை எல திங்கறோம், வல்லாரை திங்கறோம். இது என்ன பண்ணிப்போடும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு அடுக்களைக்குப் போனாலும் இப்படி நாலு டப்பா இருக்கும். முருங்கையிலைப் பொடி, கரிசலாங்கண்ணிப் பொடி, ஆவாரம்பூப் பொடி. அவற்றுக்குப் பக்கத்தில் சாம்பார்ப் பொடியும் கொள்ளுப் பொடியும் நிற்கும். எல்லாம் ஒரே வரிசை. யாரும் அவற்றை மருந்து என்று நினைப்பதில்லை. மருந்து என்றால் அது மாத்திரை, ஊசி, சீட்டு எழுதிக் கொடுப்பது. நான் ஜின்கோவை ஓர் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி முருங்கையிலைப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் காலையில் அரைக் கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில். காய்ந்த வைக்கோல் வாசம், நாக்கில் கசப்பு, விழுங்கியபின் தொண்டையில் ஒரு துவர்ப்பு. தேன் விட்டுப் பார்த்தேன், அப்போதும் கண்றாவியாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பம்புசெட் எரிந்துபோனால் பழைய செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். பட்டறை வீட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்துக் கொண்டுவந்திருந்தோம். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை நாள் தவறாமல் நான்தான் எடுத்துக் கையில் கொடுப்பேன். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு பொடித் தண்ணீரைக் குடிப்பதை முதல் நாள் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"சீனாக்காரன் எலையத் தின்னுபோட்டு நாளைக்கு எங்கிட்டச் சீனாப் பாசையில பேசப்போறயா?"

"உங்களுக்கு என்னங்க தெரியும்? உங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். கசாயம் என்றாலே வாசல் பக்கம் ஓடுகிற மனுஷன். சளிக்கு ஒரு கற்பூரவல்லி இலையைத் தின்னவைக்க நான் காலில் விழ வேண்டும்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பொடியாலோ, பொடி சாப்பிடுகிறோம் என்ற தெம்பாலோ, உப்பு சரியாக விழுந்தது, பெயர்கள் வந்தன, அதை என் வீட்டுக்காரரிடமும் பெருமையாகச் சொன்னேன். அப்புறம்தான் டப்பாவைக் கவனித்தேன். நான் சாப்பிடுகிற அளவுக்குப் பாதி டப்பாவாவது இருக்க வேண்டும். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அட கெரகமே! எங்கே போயிற்று?

எலி வந்து மூடியைத் திறக்காது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அவர் தொடமாட்டார். அப்படியென்றால் நான்தான். காலையில் ஒரு தடவை சாப்பிடுகிறேன், அதை மறந்துவிட்டு இன்னொரு தடவையும் சாப்பிடுகிறேன். மறதிக்கு வாங்கின பொடியைச் சாப்பிட்டதையே மறந்துபோகிறேன்! குக்கர் கத்திக்கொண்டிருந்தது, அணைக்கக் கை வரவில்லை.

புதுப் பொட்டலம் வாங்கிக் கொட்டினேன். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பொடியைக் கரண்டி முதுகால் அழுத்திச் சமமாக்கி, நடுவில் ஒரு கோடு கிழித்து மூடிவைத்தேன். மறுநாள் காலையில் திறந்தால் கோட்டைக் காணோம். ஓரத்தில் குழி விழுந்திருந்தது. சரி, கோடு கிழித்ததாவது உண்மையா, அதுவும் நானாக நினைத்துக்கொண்டதா? அந்தக் கேள்வி வந்ததும் டப்பாவை மூடிவைத்துவிட்டேன். யாரைக் கேட்பது? என்னைத்தான் கேட்க வேண்டும், என் பேச்சைத்தான் நம்ப முடியவில்லை.

பிறகு ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்தபோது பொடி குறைந்துதான் இருந்தது. அன்றைக்கு என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். எனக்கே தெரியாமல் என் கை போய் எடுக்கிறது, என் வாய் தின்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. நாளைக்கு இதே கை கேஸைத் திறந்துவைத்துவிட்டு வந்தால்? சாப்பாட்டில் எதையாவது எடுத்துப் போட்டுவிட்டால்? பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரரை ஜன்னல் வழியாகப் பார்த்து, ஒரு நாள் இந்த மனுஷனிடமும் எந்த ஊருங்க என்று கேட்பேனா என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொல்லலாம்தான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது? பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். பயம் ஒரு பக்கம், நடிப்பு ஒரு பக்கம்.

இந்தக் கலவரத்தில் அவர் முழங்கையில் நீலம் பாரித்திருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "மோட்டார் இடிச்சுப்போடுச்சு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் அவருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டர் பிடுங்கத்தான் வேண்டும் என்றார். நல்ல டாக்டர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நெஞ்சு மாத்திரையைக் காட்டினோம். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஒரு பல்தானே, பார்த்துச் செய்துவிடலாம் என்றார்.

"வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன்.

காலையில் பல்லை எடுத்தார்கள். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, ரத்தம் நின்றபிறகுதான் அனுப்பினார்கள். மதியம் மறுபடி கசிந்தது. புதுப் பஞ்சு வைத்தேன். அதுவும் நனைந்தது. பல் டாக்டருக்குப் போன் செய்தேன், அவர் வெளியூர் கிளம்பிவிட்டிருந்தார், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். என் வீட்டுக்காரர், தானாக நின்றுவிடும் என்று கிளம்ப மறுத்தார். சாயங்காலத்துக்குள் ஒரு துண்டு முழுக்கச் சிவப்பு. அவர் துப்பத் துப்பக் கட்டி கட்டியாக வந்தது. முகம் வெளுத்துப்போய், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கதவைப் போய்த் தட்டினேன். அந்த வீட்டுக்காரர்தான் கார் எடுத்தார்.

அவிநாசி ரோட்டில் அந்த நேரத்துக்கு வண்டி நகருமா? நீலாம்பூர் தாண்டுவதற்குள் இரண்டாவது துண்டும் நனைந்தது. "பேசாதீங்க, பேசாதீங்க" என்று நான் அழுகிறேன். பேசவே முடியாதவரிடம் பேசாதே என்கிறேன். சாமி, எனக்கு மறதி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், இந்த ரத்தத்தை மட்டும் நிறுத்து என்று வேண்டிக்கொண்டேன். முன்னால் போன லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். வாயைக் கழுவி, மருந்து நனைத்த துணியைத் திணித்துக் கடிக்கவைத்து, ரத்தம் எடுத்து அனுப்பினார். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். முழங்கையில் மட்டும் இல்லை, தோள்வரை நீலம் நீலமாக இருந்தது.

"நெஞ்சு மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடறாரும்மா? நாட்டு மருந்து, பொடி, லேகியம், எதா இருந்தாலும் சொல்லுங்க."

"அவரா? அதையெல்லாம் தொடவே மாட்டாருங்க. நாந்தான் ஜின்கோன்னு ஒரு இலைப்பொடி சாப்பிடறேன். அவரு அதப் பாத்தாலே சிரிப்பாருங்க" என்றேன்.

கட்டிலில் இருந்து கை ஒன்று மேலே வந்தது. வாயில் துணியோடு என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

"நீங்களும் அந்தப் பொடிய சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தலையாட்டினார். தினமுமா என்றதற்கும் தலையாட்டினார். எவ்வளவு என்றதற்குக் காட்டிய அளவைப் பார்த்தால் சாம்பாருக்குப் பொடி போடுகிற அளவு.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்படியே குளிர்ந்துபோனேன். நான் மறக்கவில்லை! நான் கோடு கிழித்தது நிஜம், சாப்பிடாமல் இருந்தது நிஜம், என் தலை சரியாகத்தான் இருக்கிறது! அடுத்த நொடி அந்தத் துண்டு கண்ணில் பட்டது. "உங்களுக்கு என்ன கேடுங்க? கேட்டா குடுக்கமாட்டனா? திருட்டுத்தனமாத் திங்கறதுக்கு அது என்ன அதிரசமா?" என்று அந்த இடத்திலேயே கத்திவிட்டேன். நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த இலையும் ரத்தம் உறையறதக் கொறைக்கலாம். ஏற்கனவே அதுக்கு மாத்திரை சாப்பிடறவங்க இதையும் சேத்துச் சாப்பிடக்கூடாது. பல்லுப் புடுங்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லியிருக்கணும். மறதிக்கு இது கேக்கும்னும் உறுதியா ஒண்ணும் இல்ல."

தையல் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது. ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவோடு குப்பையில் எறிந்தேன். அவருக்கு ஆறின கஞ்சியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கோபம் தீரவில்லை.

"இப்பச் சொல்லுங்க. எதுக்குங்க தின்னீங்க?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சத்தியமங்கலத்துக்கு மோட்டார் மாட்டப் போனனில்ல? வரும்போது வழி தெரியல. எத்தன தடவ போன ரோடு! புளியம்பட்டியில வண்டிய நிறுத்திப்போட்டு, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னேன். ஒரு பையன்தான் வழி சொன்னான். பட்டறையில கம்பி சுத்தையில எத்தன சுத்துன்னு நடுவுல தொலஞ்சுபோயிருது. அவுத்து மறுபடி சுத்தறேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"உங்கக்காவப் பாத்துட்டு வந்து நீ அழுத அழுகையப் பாத்தனே. மறுக்கா அழ வெக்கறதா?" என்றார். "நீ அந்தப் பொடியத் தின்னு நல்லா ஆயிட்டேன்னு சொன்னே. நானும் நல்லா ஆயிருவேன்னு நெனச்சேன்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெளியூர் வேலைக்கு இப்போதெல்லாம் ஆளை அனுப்புகிறாரே, முட்டி வலி என்கிறாரே, அதெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எந்நேரமும் என் தலையையே கவனித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மனுஷன் தன் பயத்தைத் தனியாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்தபோது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

வாய் ஆறியதும் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றார், சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்போல வந்தார். டாக்டர் அவரை எதிரில் உட்காரவைத்து, "மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார். தாமரை, சாவி, வண்டி. அவர் திருப்பிச் சொன்னார், தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. பிறகு டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். முள்ளை எங்கே போடுவது என்று அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மனதுக்குள் மட்டும் தாமரை, சாவி, வண்டி என்று அவருக்காக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சரிங்க, முதல்ல மூணு வார்த்தை சொன்னனே, அதச் சொல்லுங்க பாக்கலாம்."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், அதில்தான் வைத்திருந்ததுபோல. டாக்டரைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே கூச்சச் சிரிப்பு.

"அதெல்லாம் என்ற ஊட்டுக்காரி ஞாபகம் வெச்சிருப்பாளுங்க. அவளக் கேட்டீங்கன்னா டாண்ணு சொல்லிப்போடுவா" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்று மெதுவாகத் தலையசைத்தார். என் வீட்டுக்காரர் முழங்கையால் என்னை லேசாக இடித்து, "சொல்லு புள்ள" என்றார். எனக்கு மூன்றும் ஞாபகம் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அழுதேன்.